பெருநகரத்தில் தற்கொலை மரணங்கள்: எண்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரத்தின் தற்கொலை எண்ணிக்கை வெளியாகும் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வார்டு உறுப்பினர்கள் கேட்கிறார்கள், செய்தியாளர்கள் கேட்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். எந்த முறையையும் இங்கே விவரிக்கவில்லை, எந்தப் பாலத்தையும் நிலையத்தையும் பெயர் சொல்லவில்லை. ஏன் என்பது 12-ஆம் கேள்வியில் இருக்கிறது.

படிக்கிற உங்களுக்கே வாழப் பிடிக்காத நாள் இது என்றால், எண்கள் காத்திருக்கட்டும். முதலில் யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416 (டெலி மானஸ், தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988.

1. இது தனி மனுஷங்களோட துயரம்தானே? இதுல நோய்ப்பரவலியல் எங்கேர்ந்து வந்துச்சு?

தனி மனிதரின் துயரம்தான். ஆனால் பல லட்சம் பேர் வாழும் இடத்தில் அந்த மரணங்களை வருடாவருடம் எண்ணினால், எந்த வயதில், எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அந்த ஒழுங்கை ஆராய்வதுதான் நோய்ப்பரவலியல். லண்டனின் இறப்புப் பட்டியல்களை 1662-இல் தொகுத்த ஜான் கிராண்ட், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார். 1897-இல் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம், ஒரு சமூகத்தின் தற்கொலை விகிதம் அதன் மனிதர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு பிணைந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது என்று வாதிட்டார்.

‘இவர் ஏன் இப்படிச் செய்தார்?’ என்று கேட்டால் இந்தத் துறையிடம் பதில் இல்லை. ‘இந்த நகரத்தில், இந்த வயதில், இத்தனை பேர் ஏன்? இதைக் குறைக்க வழி உண்டா?’ என்று கேட்டால் பதில் உண்டு.

2. லட்சத்துக்கு 12, லட்சத்துக்கு 9ன்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கு எப்படி?

ஒரு வருடத்தில் நடந்த தற்கொலை மரணங்களை அந்த வருட நடுவில் இருந்த மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். 80 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 960 மரணங்கள் என்றால் லட்சத்துக்கு 12. சிலர் குழந்தைகளை விட்டுவிட்டு 10 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவார்கள். அப்போது அதே மரணங்களுக்கு விகிதம் கூடித் தெரியும். ஆகவே எந்த விகிதத்தைப் பார்த்தாலும் முதலில் கீழே இருக்கும் எண் யாரைக் குறிக்கிறது என்று கேளுங்கள்.

அளவுகோலுக்கு ஒன்று: உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். வயது சீராக்கிய விகிதம் (இது என்ன என்பது 7-ஆம் கேள்வியில்) லட்சத்துக்கு 8.9. 73 சதவீத மரணங்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடந்தவை. 15 முதல் 29 வயதுள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாவது.

3. ஒருத்தர் இறந்தா, அது இந்தப் பட்டியலுக்குள்ள எப்படி வந்து சேருது?

நாம் நினைப்பதை விட நீண்ட வழி அது. இயற்கைக்கு மாறான மரணம் என்றதும் காவல் துறைக்கோ மரண விசாரணை அதிகாரிக்கோ தகவல் போகும். பிறகு பிரேதப் பரிசோதனை. நச்சு சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்பு மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும், முடிவு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இதற்கிடையில் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்க ஒரு சான்று தேவைப்படும். அதில் மருத்துவர் தமக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுவார். ‘பல இடங்களில் பலத்த காயம்’ என்று இருக்கும். அந்தக் காயம் எப்படி நேர்ந்தது என்ற கட்டம் காலியாக இருக்கும்.

அந்தக் காலிக் கட்டத்தில்தான் பல மரணங்கள் தொலைகின்றன. இறப்புக் காரணத்துக்குக் குறியீடு போடும் ஊழியர் கையில் இருக்கும் சொற்களை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், தானே வருவித்துக்கொண்ட தீங்குக்கு எக்ஸ் 60 முதல் எக்ஸ் 84 வரை. நோக்கம் தெரியாத நிகழ்வுக்கு ஒய் 10 முதல் ஒய் 34 வரை. காரணமே தெளிவில்லாத இறப்புக்கு ஆர் 99. முயற்சிக்குப் பின் நெடுநாள் கழித்து அதன் பின்விளைவால் இறந்தால் ஒய் 87.0. ஆய்வக முடிவு வந்த பிறகு யாரும் பழைய பதிவைத் திருத்தாவிட்டால், அந்த மரணம் ஒய் வரிசையிலோ ஆர் 99-இலோ நின்றுவிடும்.

இன்னொன்று, ஐசியூவில் மூன்று வாரம் இருந்து இறந்தவரின் சான்றில் ‘செப்சிஸ், பல உறுப்புச் செயலிழப்பு’ என்று மட்டும் இருக்கும். அவர் ஏன் மருத்துவமனைக்கு வந்தார் என்பது சான்றின் கடைசி வரியில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால், புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை அது ஒரு தொற்று மரணம்.

4. அப்போ வெளியிடற எண்ணே பொய்யா? குறைச்சுக் காட்டறாங்களா?

யாரும் வேண்டுமென்றே குறைக்க வேண்டியதே இல்லை. 3-இல் சொன்ன வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கசிந்தாலே போதும். குடும்பத்தின் அவமான பயம், காப்பீட்டுக் கவலை, வழக்குக்கு அஞ்சி ‘தவறுதலாக நடந்தது’ என்று சொல்வது எல்லாம் சேர்ந்துகொள்ளும். தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த இடங்களில் இந்த மறைப்பு இன்னும் ஆழம். இங்கிலாந்து 1961-இலும் இலங்கை 1998-இலும் சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கின. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

கசிவு எவ்வளவு என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் அளவு உண்டு. 2001–03-இல் நடந்த இறப்புகளைப் பற்றி வீடு வீடாக விசாரித்து, அதை வைத்து 2010-க்கு மதிப்பிட்டபோது தற்கொலைகள் சுமார் 1,87,000 என்று வந்தது. காவல் துறைப் பதிவுகளின் அடிப்படையில் அதே ஆண்டுக்கு வந்த எண் சுமார் 1,35,000.

விதி மாறினாலும் எண் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணையில் தற்கொலை என்று முடிவு செய்ய, ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவைப்பட்டது. 2018 ஜூலையில் நீதிமன்றம் அதை ‘பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்’ என்ற அளவுக்குத் தளர்த்தியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளை முந்தையவற்றோடு ஒப்பிடும்போது இந்த மாற்றத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். நடைமுறையில் செய்யக்கூடியது எளியது: எக்ஸ் வரிசையையும் நோக்கம் தெரியாத ஒய் வரிசையையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். ஒன்று இறங்கும்போது மற்றொன்று அதே அளவு ஏறினால், மாறியிருப்பது குறியீடு, மரணங்கள் அல்ல.

5. கிராமத்தை விட நகரத்துலதான் தற்கொலை அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. சரியா?

எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி எதுவும் இல்லை. சீனாவில் 1990-களின் பிற்பகுதியில் கிராமப்புற விகிதம் நகர்ப்புறத்தைப் போல மூன்று மடங்கு. அமெரிக்காவிலும் கிராமப்புறத்தில்தான் அதிகம். எளிதில் கைக்கெட்டும் ஆபத்தான பொருட்கள், தூரத்தில் இருக்கும் மருத்துவமனை, வேலை தேடிப் போன இளைஞர்கள் விட்டுச் சென்ற முதியவர்கள் என்று காரணங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் நாடு முழுவதும் லட்சத்துக்கு 12.4, 53 பெருநகரங்களில் 16.4. பார்த்ததும் ‘நகரம்தான் மோசம்’ என்று தோன்றும். ஆனால் நாட்டின் விகிதத்துக்கு அந்த வருடத்துக்கு மதிப்பிட்ட மக்கள்தொகை பயன்படுகிறது. நகரங்களுக்கோ 2011 கணக்கெடுப்பின் எண்ணே பயன்படுகிறது. 2011-இல் 40 லட்சம் பேர் இருந்து இப்போது 52 லட்சமாக வளர்ந்த ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். 600 மரணங்களைப் பழைய எண்ணால் வகுத்தால் 15.0, புதிய எண்ணால் வகுத்தால் 11.5. ஒரு மரணம்கூடக் கூடாமல் குறையாமல் இவ்வளவு வித்தியாசம் வருகிறது.

இன்னொரு சிக்கல், ‘எங்கே இறந்தார்’ என்பதா, ‘எங்கே வாழ்ந்தார்’ என்பதா என்பது. பெரிய மருத்துவமனை நகரத்தில் இருப்பதால் சுற்றுப்புற மாவட்டத்துக்காரர்கள் அங்கே கொண்டுவரப்பட்டு இறப்பார்கள். நிகழ்ந்த இடத்தை வைத்து எண்ணினால் அவர்களும் நகரக் கணக்கில் ஏறுவார்கள், ஆனால் நகர மக்கள்தொகையில் அவர்கள் இல்லை. தடுப்பு வேலைக்கு இரண்டும் வேண்டும்: குடும்பத்தைத் தேடிப் போக வாழ்ந்த இடம், தடுப்புக் கம்பி போட நிகழ்ந்த இடம். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

6. எங்க வார்டுல போன வருஷம் 4 பேர், இந்த வருஷம் 8 பேர். இரட்டிப்பாயிடுச்சே!

எட்டுப் பேரின் மரணமும் பெரிய விஷயம். ஆனால் ‘அபாயம் இரட்டிப்பானது’ என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அரிதாக நிகழும் எதுவும் தற்செயலாகவே ஏறி இறங்கும். 4 என்ற எண்ணிக்கையின் 95 சதவீத நம்பக எல்லை (தற்செயல் ஆட்டத்தைக் கணக்கில் கொண்டால் உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 1 முதல் 10 வரை. 8-க்கு 3.5 முதல் 16 வரை. இரண்டும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. 100 மரணங்களுக்குக்கூட 81 முதல் 122 வரை போகும். அதனால்தான் 20-க்குக் குறைவான மரணங்களை வைத்து விகிதம் போட்டால் அதை நம்பகமற்றது என்று குறிப்பது அமெரிக்க சுகாதாரப் புள்ளிவிவர மையத்தின் வழக்கம். வார்டு அளவில் பார்க்க வேண்டுமானால் மூன்று முதல் ஐந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது முக்கியமானது. அந்த மரணங்கள் ஒரே பள்ளியில், ஒரே விடுதியில், சில வாரங்களுக்குள் நடந்தவை என்றால் புள்ளியியல் உறுதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒருவரின் மரணம் அவருக்கு நெருக்கமானவர்களின் அபாயத்தைக் கூட்டும். அன்றே நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவரிடமும் ஒருவர் நேரில் பேச வேண்டும்.

7. அந்த ஊர்ல 11, இந்த ஊர்ல 9.2. அந்த ஊர்தான் மோசம்னு சொல்லலாமா?

வயது அமைப்பைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. இரண்டு ஊரிலும் 60-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு லட்சத்துக்கு 8, அதற்கு மேல் 20 என்று வைத்துக்கொள்வோம். முதியவர்கள் 25 சதவீதம் இருக்கும் ஊரில் மொத்த விகிதம் 11 வரும். 10 சதவீதம் இருக்கும் ஊரில் 9.2 வரும். எந்த வயதிலும் அபாயம் வேறுபடவில்லை, மக்கள் கலவைதான் வேறு. இதைச் சரிசெய்ய, வயதுவாரி விகிதங்களை ஒரே பொது மக்கள்தொகைக்குப் பொருத்திக் கணக்கிட வேண்டும். 2-இல் ‘வயது சீராக்கிய’ என்று சொன்னது இதைத்தான்.

8. ஆம்பளைங்களா பொம்பளைங்களா, யாருக்கு அதிகம்?

உலக அளவில் ஆண்களின் இறப்பு விகிதம் பெண்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முயற்சிகளில் பல இடங்களில் பெண்கள் அதிகம். ஆசிய நாடுகள் பலவற்றில் இந்த ஆண்–பெண் இடைவெளி குறுகல், இளம் பெண்களின் விகிதம் கவலை தருவது. ஒரு மரணத்துக்கு 20-க்கும் மேற்பட்ட முயற்சிகள் நடக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே மரணப் பதிவை மட்டும் பார்ப்பவர்கள் பிரச்சினையின் சிறு பகுதியைத்தான் பார்க்கிறார்கள்.

9. வறுமைதானே காரணம்? ஏழைங்க இருக்கற பகுதியிலதானே அதிகம் இருக்கும்?

வறுமை அபாயத்தைக் கூட்டும் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் நகர வரைபடம் இன்னொன்றையும் காட்டுகிறது. லண்டனின் பகுதிகளை ஆராய்ந்து 1955-இல் எழுதிய பீட்டர் செயின்ஸ்பரி, வறுமையை விடத் தனிமையும் அடிக்கடி இடம் மாறுவதும்தான் அதிக விகிதத்தோடு ஒத்துப்போகின்றன என்று கண்டார். ஒற்றை அறை வாடகைக்காரர்கள் நிறைந்த, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத பகுதிகள் அவை. தெற்கு லண்டனைப் பற்றி 1999-இல் வந்த ஆய்வு இன்னொரு கோணத்தைத் தந்தது. சிறுபான்மை இனத்தவருக்கு, தம் இனத்தவர் அதிகம் வாழும் பகுதியில் அபாயம் குறைவாகவும் அவர்கள் அருகிப்போன பகுதியில் அதிகமாகவும் இருந்தது.

எச்சரிக்கை ஒன்று. ‘தனியாக வாழ்வோர் அதிகமுள்ள வார்டில் விகிதம் அதிகம்’ என்றால் ‘இறந்தவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள்’ என்று பொருள் இல்லை. அந்த வார்டில் இறந்தவர்கள் கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களாகவும் இருக்கலாம். பகுதியின் இயல்பை ஆளின் மேல் ஏற்றக் கூடாது. ஆளைப் பற்றி அறிய ஆளைப் பற்றிய தரவுதான் வேண்டும்.

10. போலீஸ் அறிக்கையில "குடும்பப் பிரச்சினை", "தேர்வுத் தோல்வி"ன்னு காரணம் போட்டிருக்கே. அப்புறம் என்ன ஆராய்ச்சி?

அறிக்கை அட்டவணையின் அந்தக் காரணப் பத்தியில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் இடம் இருக்கிறது. விசாரிக்கப் போனவரிடம் துக்க வீட்டில் முதலில் வாய் திறந்தவர் சொன்னது அதில் ஏறும். ஒரு மாணவிக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சிகிச்சை பெறாத மனச்சோர்வு, வீட்டில் அடி, கடைசியில் மதிப்பெண் பட்டியல் என்று நான்கும் சேர்ந்திருக்கலாம். பதிவில் மிஞ்சுவது மதிப்பெண் பட்டியல் மட்டும். அது கடைசி நாளின் நிகழ்ச்சி. மற்ற மூன்றிலும்தான் முன்கூட்டியே யாராவது கை கொடுத்திருக்க முடியும். இந்தப் பத்தியை வைத்து வட்ட வரைபடம் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

11. பண்டிகை நாள்லயும் குளிர்காலத்துலயும் அதிகமாகுமாமே? பேரிடர் வந்தாலும் உடனே கூடுமாமே?

குளிர்காலத்தில் உச்சம் என்பது தவறு. குளிர் நாடுகளில் வசந்தமும் கோடைத் தொடக்கமும்தான் உச்சம். கிழமைகளில் திங்கள், நாட்களில் புத்தாண்டு தினம் பல நாடுகளில் கூடுதலாக வருகின்றன. பேரிடரில் உடனே ஏறும் என்பதும் விதி அல்ல. கோவிட் பரவிய 2020-இன் முதல் மாதங்களில் 21 நாடுகளின் தரவைப் பார்த்தபோது பொதுவான ஏற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஜப்பானில் முதலில் இறங்கிவிட்டு, அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு ஏறியது, அதிலும் பெண்களிடம் கூடுதலாக. ஹாங்காங்கில் 2003 சார்ஸ் காலத்தில் முதியவர்களிடம் ஏறியது. எனவே மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. வயதுவாரியாக, குறைந்தது இரண்டு வருடங்களாவது பார்க்க வேண்டும்.

12. நடந்த செய்தியைத்தானே போடறோம்? அதனால எப்படி இன்னொருத்தர் சாவாங்க?

இதற்குத் தெளிவான சான்று வியன்னாவில் இருக்கிறது. அங்கே சுரங்க ரயிலில் நடந்த மரணங்களைப் பத்திரிகைகள் படங்களோடு, விவரங்களோடு பெரிதாக வெளியிட்டு வந்தன. 1987-இல் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் வழிகாட்டுதல் தந்தது, பத்திரிகைகளும் அதை ஏற்றன. அந்த ஆண்டின் முதல் பாதியை விட இரண்டாம் பாதியில் சுரங்க ரயிலில் மரணங்களும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. மாறியது செய்தி எழுதும் விதம்தான்.

ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருப்பவருக்கு, முறையும் இடமும் சொல்லும் செய்தி ஒரு வரைபடம் போல ஆகிவிடுகிறது. ஆகவே முறை, இடம், கடைசிக் கடிதம் வேண்டாம். முதல் பக்கம் வேண்டாம். ‘இதனால்தான்’ என்ற ஒற்றைக் காரணம் வேண்டாம். ‘முயற்சி தோல்வி’ என்று எழுதாதீர்கள், உயிர் பிழைத்தது தோல்வி அல்ல. நெருக்கடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்தி எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்று 2010-இல் ஆஸ்திரியாவிலிருந்தே வந்த ஆய்வு காட்டியது. உதவி எண் போடுவதோடு, உதவி கிடைத்து மீண்டவரின் கதைக்கும் இடம் கொடுங்கள்.

13. ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழியைத் தேடிப் போயிடுவாங்க. தடுப்பு போட்டு என்ன பிரயோஜனம்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான். நகர நிர்வாகங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதே நினைப்புதான். சான்பிரான்சிஸ்கோவில் 1937 முதல் 1971 வரை ஓரிடத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். உச்ச நெருக்கடி பலருக்கும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரம் கடந்துபோவதற்குள் கைக்கு எட்டுவது என்ன என்பதுதான் உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது.

நாடு அளவிலும் இதே கதை. வீட்டு எரிவாயு நச்சு குறைந்த வகைக்கு மாறிவந்தபோது இங்கிலாந்து, வேல்ஸில் வருடாந்திரத் தற்கொலைகள் 1963-இல் 5,714-இலிருந்து 1975-இல் 3,693 ஆயின. இலங்கையில் 1995-இல் லட்சத்துக்கு 47 என்று உச்சத்தில் இருந்த விகிதம், மிக ஆபத்தான பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததற்குப் பின்னான ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் இறங்கியது.

ஆனால் அவசரப்பட்டு அளந்தால் ஏமாறுவீர்கள். டொராண்டோவில் 2003-இல் ஒரு பாலத்துக்குத் தடுப்பு போட்டார்கள். 2010-இல் வந்த ஆய்வு, அந்த இடத்தில் மரணங்கள் நின்றன, ஆனால் நகரம் முழுவதும் அதே வகை மரணங்கள் குறையவில்லை என்றது. ‘பார்த்தீர்களா’ என்றார்கள். 2017-இல் நீண்ட காலத் தரவோடு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது நகர அளவிலும் குறைந்திருந்தது. 6-இல் சொன்ன தற்செயல் ஆட்டம் இங்கேயும் விளையாடியிருக்கும். தடுப்பு கட்டும்போது இரண்டைக் கவனியுங்கள்: பாதி நீளத்துக்கு மட்டும் போட்டால் மீதிப் பாதி திறந்தே கிடக்கும், கால் வைத்து ஏற இடம் தரும் குறுக்குக் கம்பிகள் இருந்தால் போட்டதே வீண்.

14. இப்பதான் கம்ப்யூட்டர், ஏஐ எல்லாம் வந்தாச்சே. யார் ஆபத்துல இருக்காங்கன்னு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லட்சம் பெரியவர்கள், லட்சத்துக்கு 12, ஆக வருடத்துக்கு 600 மரணங்கள். இறக்கப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிற, மற்றவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கிற ஒரு கருவி உங்களிடம் இருக்கிறது என்று வைப்போம். அது 480 பேரைப் பிடிக்கும். கூடவே 4,99,940 பேரையும் தவறாகக் கொடி காட்டும். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒருவர்தான் உண்மை. விடுபட்ட 120 பேருக்கோ ‘ஆபத்து இல்லை’ என்ற முத்திரை விழுந்திருக்கும்.

2017-இல் ஐம்பது வருட ஆய்வுகள் 365-ஐத் தொகுத்துப் பார்த்தபோதும், நாம் அறிந்த அபாயக் காரணிகளின் கணிப்புத் திறன் குருட்டாம்போக்கை விடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. ஆகவே மதிப்பெண் போட்டு, குறைந்த மதிப்பெண்காரர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். உதவி கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் கவனிப்பு தேவை.

15. சரி, பணமும் ஆளும் கொஞ்சம்தான் இருக்கு. எங்கே தொடங்கலாம்?

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில். சுய தீங்குக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மீண்டும் அதே நிலையில் வருகிறார்கள், சுமார் 1.6 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்தில் தற்கொலையால் இறக்கிறார்கள். லட்சத்துக்கு 1,600 என்று மாற்றிப் படித்தால் அதன் கனம் புரியும். மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு முதல் மூன்று மாதம்தான் மிகக் கடினம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 1,132 என்ற அளவில் வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் அல்ல. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யூன்செங் ஆகிய ஐந்து இடங்களில், முயற்சிக்குப் பின் உயிர் பிழைத்த 1,867 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றக் குழுவுக்கு அதோடு வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். 18 மாத முடிவில் முதல் குழுவில் 2.2 சதவீதம் பேரும் இரண்டாம் குழுவில் 0.2 சதவீதம் பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள்.

இதில் வழக்கமாகத் தவறிப்போவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். சேர்க்கைப் படிவத்தில் இருப்பது கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணாக இருக்கும். நோயாளியின் எண், அவர் நம்பும் இன்னொருவரின் எண் இரண்டையும் வாங்கி, படுக்கை அருகிலேயே அழைத்துச் சரிபாருங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் பட்டியலில் விடுபடுகிறார்கள். முதல் அழைப்பு ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. முடிந்தவரை முதலில் பேசியவரே தொடர்ந்து அழைக்க வேண்டும்.

16. "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேட்டா, நாமளே அந்த எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆகிடாதா?

ஆகாது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் துன்பமோ கூடுதல் எண்ணமோ வரவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் அது தீங்கு செய்யவில்லை.

சுற்றி வளைக்காமல், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: “ரொம்ப நாளா வாடிப்போயிருக்கே. உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” ‘அப்படியெல்லாம் நினைக்கலையே?’ என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஆமாம் என்றால் பதறவோ அறிவுரை சொல்லவோ வேண்டாம். கூடவே இருங்கள், ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அவரோடு சேர்ந்தே உதவி எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

17. எங்க ஊருக்கு நாங்களே ஒரு பதிவேடு தொடங்கணும். என்னென்ன பத்தி வைக்கலாம்?

நிகழ்ந்த தேதியும் பதிவான தேதியும் தனித்தனியாக (இரண்டுக்கும் இடையே உள்ள தாமதமே ஒரு முக்கியத் தகவல்). வயது, பாலினம். வாழ்ந்த வார்டு, நிகழ்ந்த இடத்தின் வகை. இந்த நகரத்துக்கு வந்து எத்தனை காலம். தனியாக வாழ்ந்தாரா. தொழில். கடந்த 12 மாதத்தில் மருத்துவமனைக்கோ மனநலப் பிரிவுக்கோ வந்தாரா, கடைசியாக எப்போது. நோக்கம் உறுதியானதா, தற்காலிகமா. 10-இல் சொன்ன ஒற்றைக் காரணப் பத்திக்குப் பதிலாக, ஆறேழு சூழ்நிலைகளைக் கொடுத்துப் பொருந்துவதை எல்லாம் குறிக்கவிடுங்கள்.

மரண விசாரணைக் கோப்பு, பிரேதப் பரிசோதனை அறை, இறப்புப் பதிவு அலுவலகம் என்ற மூன்று இடத்துப் பட்டியல்களையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்கள்தான் 3-இல் சொன்ன கசிவு. ஆறு மாதம் கழித்து, ஆய்வக முடிவுகள் வந்தபின் எண்ணைத் திருத்தி, ‘திருத்தப்பட்டது’ என்று எழுதி மறுபடி வெளியிடுங்கள். வெளியிடும் அட்டவணையில் 5-க்குக் குறைவான எண்களை மறைத்துவிடுங்கள். ஒரு சிறு வார்டில் ‘பெண், 16 வயது, 1’ என்று அச்சிட்டால் தெருவுக்கே யார் என்று தெரிந்துவிடும்.

கடைசிப் பத்திக்கு ‘குடும்பம்’ என்று தலைப்பு வையுங்கள். 6-இல் சொன்னபடி, விட்டுச்சென்றவரின் வீட்டில் இருப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். அவர்களை யார், எந்தத் தேதியில் போய்ப் பார்த்தார், அடுத்து எப்போது போவார் என்று அதில் எழுத வேண்டும். இந்தப் பத்தி நிரம்பாத வரை அந்த வரியை முடிந்ததாகக் குறிக்காதீர்கள்.